பள்ளத்துப் புல்

செவெல்மா அந்தப் பள்ளத்துப் புல்லைக் கோடை முடிந்த நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். பெற்ற மகளைக்கூட அவள் அப்படிக் காத்ததில்லை. அந்த மகள் கல்யாணமாகித் தெற்கே பாலைவனப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள், அது வேறு கதை. அவர்களுடைய குளிர்காலப் பட்டிக்குக் கீழே, இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஓடையோரமாக நீண்டு கிடக்கும் பள்ளம் அது. முட்புதர்களும் குட்டை வில்லோ மரங்களும் ஓரம் கட்டி நிற்க, நடுவில் இடுப்பளவுக்குப் புல். வெளியே சமவெளி முழுவதும் மந்தைகள் மேய்ந்து மொட்டைத்தலையாகக் கிடந்தபோது, இந்தப் பள்ளம் மட்டும் மஞ்சளாக அசைந்துகொண்டிருந்தது. பனிக்காலம் முற்றியதும் ஆடுகளை இங்கே இறக்கிவிட்டால் வசந்தம் வரைக்கும் கவலையில்லை என்பது அவள் கணக்கு.

தப்பான கணக்கு என்று அப்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காங்காய் மலையில் பட்டி வைத்திருக்கும் எவரும் போடுகிற கணக்குதான். ஆனால் அவள் புருஷன் யோந்தோன் மட்டும் ஒரு நாள் அரிவாளைத் தீட்டிக்கொண்டே சொன்னான்.

"வெட்டிப் போர் போட்டுடலாம் செவெல்மா. கெரெலையும் கூப்பிட்டுக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்."

கெரெல் அவன் தங்கை. அடுத்த குன்றில் தனியாகக் கூடாரம் போட்டு மந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் எங்கோ நிலக்கரிச் சுரங்கத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"கூப்பிடுங்க, கூப்பிடுங்க. பாதிப் போரைத் தூக்கி வண்டியில ஏத்திக்கிட்டுப் போவா உங்க தங்கச்சி. கூட நின்னு அறுத்தவங்களுக்குப் பாதின்னு நீங்களே நியாயம் பேசுவீங்க."

"அவளுக்கும் ஆடு இருக்குல்ல?"

"இருந்தா அவ பாத்துக்கணும். நின்ன புல்லு நிக்கட்டும். நின்ன புல்லுலதான் சத்து."

"நின்ன புல்லு பனியைப் புடிச்சு வச்சுக்கும்."

"பனி எங்கதான் விழலை? ஊரு பூராத்தான் விழும்."

யோந்தோன் ஒன்றை ஒரு தடவைதான் சொல்வான். இரண்டாம் தடவை சொன்னால் வாயில் இருக்கும் பல் கொட்டிவிடும் என்று நினைப்பவன்போல எழுந்து போய்விடுவான். அன்றும் அரிவாளைக் கூடாரத்துக் கூரையில் செருகிவிட்டுக் குதிரையைப் பார்க்கப் போனான். புருஷன் பேசாமல் போனால் தான் ஜெயித்துவிட்டதாக நினைக்கிற வழக்கம் செவெல்மாவுக்கு உண்டு. பாவம், அன்றும் அப்படித்தான் நினைத்தாள்.

சில நாள் கழித்து கெரெலே வந்தாள். கன்று ஈனப்போகிற ஒரு பசுவை மட்டும் பள்ளத்து ஓரமாக விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாள். செவெல்மா உப்புப் போட்ட பால் தேநீரை நிறைய ஊற்றிக் கொடுத்தாள், உலர்ந்த தயிர்க்கட்டியை முன்னால் நகர்த்தி வைத்தாள், உபசாரத்தில் ஒரு குறையும் இல்லை.

"இன்னிக்கு உன் பசு, நாளைக்கு ஜம்பாவோட குதிரை, நாளான்னிக்கு ஊரு மொத்தமும். ஒருத்தருக்குத் திறந்துவிட்டா அப்புறம் எவரைத் தடுக்கறது, சொல்லு?"

"சரி அண்ணி," என்றாள் கெரெல். தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனாள்.

பிறகு ஒரு நாள் கெரெலின் பசு தானாகவே பள்ளத்தில் இறங்கிவிட்டது. செவெல்மா கம்பை எடுத்துக்கொண்டு ஓடி, அதைக் குன்றுக்கு அந்தப் பக்கம் வரை விரட்டியடித்தாள். மேலே தன் கூடார வாசலில் நின்று கெரெல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பனி நல்லபடியாகத்தான் விழுந்தது. காற்றே இல்லாமல், மாவு சலித்த மாதிரி மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாகக் கணுக்கால் மூடும் அளவுக்கு விழுந்தது. ஆடுகள் முன்னங்காலால் கிளறிவிட்டு மேய்ந்தன. செவெல்மா பால் கரண்டியை எடுத்துத் திசைக்கொரு தடவை வானத்தை நோக்கித் தெளித்துக் கும்பிட்டாள்.

அதன்பிறகு காற்று கிளம்பியது. வடமேற்கிலிருந்து வந்த அந்தக் காற்று சமவெளியில் விழுந்திருந்த பனியை வழித்து எடுத்தது. குன்றுகளின் முதுகைச் சுரண்டிக் கல் தெரிய வைத்தது. மொட்டைத் தரையில் பனியைப் பிடித்து வைக்க ஒன்றுமில்லை, அதனால் அது நிற்காமல் தரையோடு தரையாகப் புகைந்து ஓடிக்கொண்டே இருந்தது. எங்கே காற்றின் வேகம் தடுக்கப்படுகிறதோ அங்கேதான் அது இறங்கும். அந்த வட்டாரத்தில் காற்றைத் தடுக்க இரண்டே இடங்கள்தான் இருந்தன: வடக்குச் சரிவில் இருந்த காட்டின் விளிம்பு ஒன்று, புல்லும் புதருமாக நின்ற செவெல்மாவின் பள்ளம் இன்னொன்று.

காற்று ஓய்ந்த காலையில் அவள் வெளியே வந்து பார்த்தபோது பள்ளத்தைக் காணோம். இரண்டு குன்றுகளுக்கும் நடுவே சமமாக ஒரு வெள்ளைத்தரை கிடந்தது. வில்லோ மரங்களின் நுனிக் குச்சிகள் மட்டும் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. யோந்தோன் குதிரை பிடிக்கும் நீளக் கழியை எடுத்துவந்து பனியில் குத்தினான். அது அவன் கை பிடித்த இடம் வரைக்கும் இறங்கியது, இன்னும் தரை தட்டவில்லை. கழியை உருவிக்கொண்டு திரும்பினான். மனைவி முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது சொல்வான், 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

சொன்னவன் ஜம்பாதான். குதிரை மந்தை வைத்திருக்கும் பக்கத்துக்காரன், வாயாடி, மூக்குப்பொடிக் குப்பியை நீட்டுவதற்குள் பாதி ஊர்க்கதையைச் சொல்லி முடித்துவிடுவான். அவன் குதிரைமேல் உட்கார்ந்தபடியே பள்ளத்தைப் பார்த்துச் சிரித்தான்.

"அடேங்கப்பா! ஊருப் பனியை எல்லாம் நீயே வளைச்சுப் போட்டுட்டியே செவெல்மா! எங்களுக்குக் கொஞ்சம் கொடுப்பியா, இல்லை அதுக்கும் கம்பைத் தூக்குவியா?"

"வாயை மூடிக்கிட்டு வந்து டீ குடிடா."

"மூடிடுவேன். ஆனா என் குதிரைங்க வாயும் சேர்ந்தில்ல மூடிக் கெடக்கு."

சிரித்தானே ஒழிய அவன் கண்ணில் சிரிப்பு இல்லை. குன்றின் முதுகில் பனி இல்லைதான், ஆனால் மேய்ந்து தீர்ந்த இடம் அது. கல்லையும் பாசியையும் ஆடு எத்தனை நாள் நக்கும்? யோந்தோனின் ஆடுகளும் கெரெலின் ஆடுகளும் அந்த முதுகில் ஒன்றாகவே நின்று, ஒன்றாகவே இளைத்தன. சாயங்காலம் பட்டிக்குத் திரும்பியபோது அவற்றின் வயிறு விலாவோடு ஒட்டியிருந்தது. மாவைக் கரைத்து ஊற்றினார்கள்; மாவும் தீர்ந்துகொண்டே வந்தது.

அங்கெல்லாம் ஒரு முறை உண்டு. பனி ஆழமாக இருந்தால் முதலில் குதிரைகளை இறக்கிவிடுவார்கள். குதிரை குளம்பால் வெட்டிப் புல்லை வெளியே கொண்டுவரும். மேல்நுனியைத் தின்றுவிட்டு நகரும். அதன் பின்னால் மாடு, மாட்டுக்குப் பின்னால் ஆடு என்று வரிசையாக மேயும். ஜம்பா கடைசியில் தன் குதிரைகளைக் கொடுக்கச் சம்மதித்தான். கேட்கப் போனவள் செவெல்மா. கேட்கும்போது அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"கீழ இருக்கற புல்லு எல்லாருக்கும்தான் ஜம்பா. உன்னுது முதல்ல தின்னட்டும்."

"இதை அறுப்புக் காலத்துல சொல்லியிருந்தா உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன்," என்றான் ஜம்பா.

ஆனால் குறித்த நாளுக்கு முந்தின நாள் வெயில் அடித்துவிட்டது. பனிக்காலத்து நடுவில் வெயில் இதமாக அடித்தால் நகரத்துக்காரர்கள் சந்தோஷப்படுவார்களோ என்னவோ, அங்கே எவரும் சந்தோஷப்படவில்லை. கூடாரத்துக் கயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் குளிர் பழையபடி இறுக்கியது. மறுநாள் காலையில் பனியின் மேல்தோல் முழுவதும் கண்ணாடியாகியிருந்தது. மந்தை சாகிற குளிர்காலத்துக்கு அங்கே ஸுத் என்று பேர்; பனி இப்படிக் கண்ணாடியாக இறுகினால் அது இரும்பு ஸுத். வெறும் பனியால் மந்தை சாகும் வெள்ளை ஸுத்தையாவது ஒருவாறு சமாளிக்கலாம். இரும்பு ஸுத்தை எவரும் சமாளித்ததாகக் கேள்வி இல்லை.

அப்படியும் குதிரைகளை இறக்கிப் பார்த்தார்கள். முன்னால் போன பொலிகுதிரை பத்தடி போவதற்குள் மார்பு வரை புதைந்தது. ஏறி வருவதற்குக் காலைத் தூக்கும்போதெல்லாம் உடைந்த பனிக்கட்டி அதன் முழங்காலைக் கத்தியாக அறுத்தது. வெள்ளையில் சிவப்பாகக் கோடு விழுந்தது. ஜம்பா பேசாமல் இருந்ததை அன்றைக்குத்தான் செவெல்மா முதன்முதலாகப் பார்த்தாள். கயிறு போட்டுக் குதிரையை வெளியே இழுத்தான், அதன் முகத்தைத் தடவிக் கொடுத்தான், மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டான்.

அன்றைக்கு யோந்தோன் வடக்குச் சரிவுக் காட்டைப் பார்க்கப் போனான். இருட்டுவதற்குமுன் திரும்பி வந்து, உறைந்த மீசையை அடுப்புப் பக்கம் காட்டியபடி சொன்னான்.

"காட்டுக்குள்ள பனி கம்மி. மரம் மேலயே தாங்கி வச்சிருக்கு. காத்து உள்ள போகலை, அதனால கெட்டியாகவும் இல்லை. ஆட்டுக்கு முழங்கால் அளவுதான்."

செவெல்மா எழுந்தே விட்டாள். "அப்ப அங்க ஓட்டிடலாமே!"

"விளிம்புல சுவரு மாதிரி குவிஞ்சு கெடக்கு. வெட்டி வழி பண்ணணும்."

"பண்ணுவோம். ஏன், நமக்குக் கை இல்லையா?"

அவன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். அது என்ன என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை, ஏனென்றால் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. நம்பிக்கை வந்த மனுஷிக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

கெரெலும் வந்தாள். யாரும் போய்க் கூப்பிடவில்லை. இவர்கள் மண்வெட்டியோடு போவதைப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். மூன்று பேரும் அந்தப் பனிச்சுவரை வெட்டினார்கள். காற்று அடித்து அடித்து இறுக்கிய பனி. மண்வெட்டி பட்டால் பலகையில் பட்ட சத்தம் கேட்டது. கட்டிகளாக அறுத்து எடுத்து இரண்டு பக்கமும் அடுக்கினார்கள். ஆட்டுக் குளம்பு வழுக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலையும் வறட்டித் தூளையும் வழிநெடுகத் தூவினார்கள். கெரெலின் கையுறை கிழிந்து விரல் வெளியே வந்துவிட்டது. செவெல்மா தன்னுடையதைக் கழற்றி நீட்டினாள்.

"வேணாம் அண்ணி. உங்களுக்கு?"

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு."

இன்னொன்று இல்லை. கெரெலுக்கும் அது தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டாள். அந்த நேரத்தில் செவெல்மாவுக்கு மனசு லேசாக இருந்தது என்று சொன்னால் நம்ப வேண்டும். ஆடுகள் பிழைத்துவிடும், கெரெலின் ஆடுகளும் பிழைத்துவிடும், அடுத்த அறுப்பில் பாதி என்ன, முக்கால் போரையே கொடுத்துவிடலாம் என்று மண்வெட்டிக்கு ஒன்றாக நினைத்துக்கொண்டே வெட்டினாள்.

இரண்டு மந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்து அந்த வழியே உள்ளே ஓட்டினார்கள். உள்ளே போனதும் காற்றின் இரைச்சல் கதவு சாத்தினாற்போல நின்றது. கிளைகள் பனியைச் சுமந்து தொங்கின. கீழே பனி பஞ்சாகக் கிடந்தது. அடர்ந்த மரங்களின் அடியில் தரையே தெரிந்தது. ஆடுகள் ஆசையாகக் கிளறின. கிளறிக்கொண்டே இருந்தன.

தரையில் ஊசியிலைச் சருகு கிடந்தது. அதற்குக் கீழே பாசி. அங்கங்கே தோல் மாதிரிக் கெட்டியான சிறு இலைச் செடி. ஆடு அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. புல்லே இல்லை.

செவெல்மா மரத்துக்கு மரம் ஓடினாள். காலால் சருகைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி மரங்கள் இல்லாமல் ஒரு சின்ன வெட்டவெளி இருந்தது. அங்கே புல் இருக்கும் என்று தெரிந்து அதில் இறங்கினாள்; இடுப்புவரை புதைந்தாள். மேலே தாங்க மரமும் அள்ளிப்போகக் காற்றும் இல்லாததால் விழுந்த பனி மொத்தமும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. கையால் தோண்டி ஒரு பிடி புல்லை எடுத்துக்கொண்டு ஏறி வந்தாள். ஒரு பிடி. பக்கத்தில் நின்ற ஆட்டின் வாயில் வைத்தாள். அதைப் பார்த்த மற்ற ஆடுகள் எல்லாம் அவளைச் சுற்றி நெருக்கி நின்று அவளுடைய கையை முகர்ந்தன.

பனியை வரவிடாத மரம் புல்லையும் வளரவிடாது. புல் வளர்ந்த இடத்தைப் பனி விட்டு வைக்காது. இது ஒன்றும் புது விஷயம் இல்லை, அவளுக்கும் தெரிந்ததுதான். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததுதான். ஆசை மறைத்துவிட்டது.

யோந்தோன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். அவள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"உங்களுக்குத் தெரியும். இங்க புல்லு இருக்காதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் ஏன் வெட்ட விட்டீங்க?"

"வேற எங்க போறது?" என்றான். "இங்க காத்தாவது இல்லை. சாகறது கொஞ்சம் கதகதப்பா சாகட்டுமேன்னு பாத்தேன்."

அவள் அவன் முன்னால் பனியில் மண்டியிட்டாள். மாதக்கணக்காக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"என்னைத் திட்டுங்களேன். ஒரு தடவையாவது திட்டித் தொலைங்களேன்! வெட்டிடலாம்னு சொன்னீங்க, நான்தான் விடலை. வெட்டியிருந்தா பனி அதும்மேல நிக்காம ஓடியிருக்கும், போரும் நம்ம கையில இருந்திருக்கும். உங்க தங்கச்சிக்குப் போயிடுமேன்னு வயித்தெரிச்சல்ல விட்டேன். என் வாயால நானே சொல்றேன், நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

யோந்தோன் அவள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினான்.

"திட்டறதுக்குத் தெம்பு வேணும் செவெல்மா," என்றான். "எழுந்திரு, கால் நனையுது."

கெரெல் சற்றுத் தள்ளி, தன் ஆடுகளுக்கு நடுவில் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கும். திரும்பவே இல்லை.

திரும்பிப் போகலாம் என்று வழிக்கு வந்தபோது காற்று அதை மூடிவிட்டிருந்தது. அவர்கள் அடுக்கிய கட்டிகளே அதற்குத் தோதாக நின்று பனியைத் தடுத்து நிரப்பிக்கொண்டன. மனிதர்கள் ஏறித் தாண்டிவிட்டார்கள், ஆட்டால் முடியாது. அதன்பிறகு தினமும் காட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் வேலை. ஆடுகள் ஒன்றின் கம்பளியை ஒன்று பிய்த்துத் தின்றன. மரப்பட்டையைத் தின்றன. படுத்தவை எழுந்திருக்கவில்லை. வெள்ளாடுகள்தான் கடைசிவரை நின்றன; பிறகு அவையும் படுத்தன.

வெள்ளை மாதப் பண்டிகைக்கு ஜம்பா வந்தான், மரியாதைக்கு நீட்டும் நீலத் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு. புத்தாண்டுக்கு வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது, மந்தை கொழுகொழுவென்று குளிரைத் தாண்டுகிறதா என்பதுதான். கேட்டே ஆக வேண்டும், அதுதான் மரியாதை. ஜம்பாவின் வாயில் அது பாதி வந்தது. அவன் அதை விழுங்கிவிட்டு, "நீங்க... நல்லா இருக்கீங்களா?" என்றான். அவனுடைய பொலிகுதிரையும் போய்விட்டது என்று பேச்சுவாக்கில் சொன்னான். இறைச்சிக் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்துக் கொடுத்தாள் செவெல்மா. மூன்று பேரும் அதைத் தொடவில்லை. அந்த இறைச்சி எதனுடையது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

பனி உருகத் தொடங்கியபோது தெற்குச் சரிவுகள் முதலில் கறுத்தன, பிறகு சமவெளி. பள்ளம்தான் கடைசி. அதற்குள் யோந்தோன் நகரத்தில் இருக்கும் சித்தப்பா மகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டான். நகரத்து ஓரத்து மலைச்சரிவில் அவர்களுடைய வேலிக்குள் கூடாரம் போட்டுக்கொள்ள ஒரு மூலை கிடைக்கும், கட்டடம் கட்டுகிற இடத்தில் கூலி வேலை கிடைக்கலாம். பட்டியில் ஒரு குட்டிகூட மிச்சமில்லாதவனுக்கு மலையில் என்ன வேலை?

கூடாரத்தைப் பிரித்துக் கட்டும் நாளில், யோந்தோன் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, செவெல்மா பள்ளத்துக்கு இறங்கினாள். பனி போயிருந்தது. புல் படுத்துக் கிடந்தது, ஈரமாக, வாரிவிட்ட தலைமுடி மாதிரி ஒரே பக்கமாக. மஞ்சள் மாறவில்லை. ஒரு தாள் கடிபடவில்லை. ஒரு மந்தையை வசந்தம் வரைக்கும் காப்பாற்றக்கூடிய புல் அவ்வளவும் அவள் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அவள் அதன் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வரும் என்றுதான் வந்தாள், வரவில்லை.

"அண்ணி."

பள்ளத்து விளிம்பில், முட்புதருக்கு அந்தப் பக்கம், கெரெல் நின்றிருந்தாள். கையில் கயிறு; கயிற்று முனையில் அவளுடைய ஒற்றைப் பசு. அதைப் பனிக்காலம் முழுக்கத் தன் கூடாரத்துக்குள்ளேயே படுக்க வைத்து, தான் குடிக்க வேண்டிய மாவுக்கஞ்சியைக் கொடுத்துப் பிழைக்க வைத்திருந்தாள். கன்று தங்கவில்லை. எலும்புக்கூட்டின்மேல் தோலைப் போர்த்தினாற்போல இருந்தது பசு.

"பசுவை விட்டுக்கவா அண்ணி? ஓரமா மட்டும்."

அவள் குத்திக்காட்டவில்லை. குரலில் பழி இல்லை, கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள், பயந்து பயந்து, இல்லை என்று சொன்னால் திரும்பிப் போய்விடுவாள். அதுதான் செவெல்மாவின் நெஞ்சை அறுத்தது. வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. முகத்தைப் புல்லில் புதைத்துக்கொண்டாள்.

பசு கழுத்தை நீட்டிப் புல்லை எட்டப் பார்த்தது. கெரெல் கயிற்றைச் சுண்டி அதைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இரு," என்று அதனிடம் சொன்னாள். "அண்ணி இன்னும் சொல்லலை."